உதிர்ந்துபோன 'எஸ்': 1930-களின் கட்டடப் பெயரை எந்தப் பழைய பாணி எழுத்துருவில் திரும்ப எழுதுவது?

மாட்டுங்கா கல்யாணி:

எல்லோருக்கும் வணக்கம். எழுத்துக்கலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறேன்.

எங்கள் கட்டடம் மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. 1930-களின் கடைசியில் கட்டியது. மூலையில் வளைந்து திரும்பும் பால்கனிகள், மாடிப்படிக்கு நேராக மேலிருந்து கீழே இறங்கும் நீளமான கண்ணாடிப் பட்டை, ஜன்னலுக்கு மேல் புருவம் வைத்ததுபோல் சிமெண்ட் பட்டைகள். ஆர்ட் டெகோ என்று சொல்லி இப்போது கல்லூரி மாணவர்கள் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். என் மாமனார் காலத்தில் இதற்கு 'மாடர்ன் பில்டிங்' என்று பெயர்.

வாசலுக்கு மேலே கட்டடத்தின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், சிமெண்ட் சாந்தில் புடைப்பாகச் செய்யப்பட்டிருக்கிறது. முழுப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று என் கணவர் சொல்கிறார் (காண்ட்ராக்டரும் இணையத்தில்தான் குடியிருக்கிறாராம்). பெயரின் பின்பாதி 'நிவாஸ்' என்று மட்டும் சொல்கிறேன். அந்தக் கடைசி எஸ் போன மழைக்காலத்தில் கீழே விழுந்து நொறுங்கிவிட்டது. பக்கத்து ஏ-யின் ஒரு காலில் விரிசல். நல்லவேளையாகக் கீழே யாரும் நிற்கவில்லை.

இப்போது சாரம் கட்டி வேலை நடக்கிறது. பழைய எழுத்துகளை மொத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்டு, லேசரில் வெட்டிய அக்ரிலிக் எழுத்துகளைப் பொன்னிறத்தில் ஒட்டிவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். மூன்று மாதிரிகள் காட்டினார்: ப்ராட்வே, போய்ரெட் ஒன், ஆர்னோல்ட் பொக்லின். மூன்றுமே 'விண்டேஜ்' என்றார். குழுவில் பெரும்பாலோருக்கு ப்ராட்வே பிடித்திருக்கிறது. செயலாளரின் மகளுக்கு மூன்றாவது, கொடி படர்ந்த மாதிரி இருப்பதால். எனக்கு மூன்றும் ஒட்டவில்லை. ஏன் என்று கூட்டத்தில் கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூட்டம். அதற்குள் எனக்குக் கொஞ்சம் வாதம் வேண்டும்.

கூடவே இன்னொன்று. கீழ்க்கூடத்தில் குடியிருப்பவர்கள் பெயர்ப்பலகையும் புதிதாகச் செய்கிறார்கள். அதற்கும் இதே எழுத்துருவா?

பிக்சல் பிரபு:

ப்ராட்வே நல்ல தேர்வுதான் அக்கா, தயங்க வேண்டாம். ஆர்ட் டெகோ என்றாலே எல்லோருக்கும் நினைவு வருவது அதுதான். இலவசமாக வேண்டும் என்றால் கூகுள் ஃபான்ட்ஸில் லைம்லைட் இருக்கிறது, ஏறக்குறைய அதே தோற்றம். மெல்லிசாக வேண்டும் என்றால் போய்ரெட் ஒன். கறுப்புப் பின்னணியில் பொன்னிறம் கொடுத்தால் பிரமாதமாக இருக்கும். பலகைக்கு ஜோசஃபின் சான்ஸ். காண்ட்ராக்டர் ஒன்றும் மோசமாகச் சொல்லவில்லை.

பழைய போர்டு:

கல்யாணி அம்மா, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். எஸ் விழுந்த இடத்தில் சுவரில் அதன் தடம் இருக்கும். இத்தனை வருடம் பெயிண்ட் அடித்தவர்கள் எழுத்தைச் சுற்றித்தான் அடித்திருப்பார்கள். எழுத்துக்கு அடியில் இருந்த சுவர் நிறமும் சொரசொரப்பும் வேறாக இருக்கும். அந்தத் தடத்தின்மேல் யாராவது பட்டி பூசுவதற்கு முன் சாரத்தில் ஆள் ஏற்றிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நேர் எதிரே நின்று, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுக்க வேண்டும். மீதியைப் பிறகு படிக்கலாம்.

படம் எடுத்தாயிற்றா? சரி.

நான் சென்னையில் நெடுங்காலம் போர்டு எழுதியவன். கடைப் பலகை, கட்டடப் பெயர், கல்வெட்டு எல்லாம் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த மூன்றும் ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் மூன்றுக்கும் ஒரே காரணம் இல்லை.

கொடி படர்ந்ததை முதலில் தள்ளிவிடுவோம். ஆர்னோல்ட் பொக்லின் 1904-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஓட்டோ வைசர்ட் என்ற அச்செழுத்து வார்ப்பகம் வெளியிட்ட எழுத்து. பொக்லின் என்பவர் சுவிஸ் ஓவியர். அவர் அதை வரையவில்லை, எழுத்து வருவதற்கு மூன்று வருடம் முன்பே காலமாகிவிட்டார், அவர் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான். அது ஆர்ட் நூவோ காலம்: தண்டு, இலை, அலை, பெண்ணின் கூந்தல். உங்கள் கட்டடம் பிறப்பதற்கு முப்பது வருடத்துக்கு மேல் முந்தியது. பிறகு 1960-களிலும் 70-களிலும் அந்த எழுத்தை மறுபடி தோண்டி எடுத்து இசைத்தட்டு உறை, சுவரொட்டி என்று எல்லாவற்றிலும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். ஆகவே இன்றைக்கு அதைப் பார்க்கிறவன் மனதில் 1904 வராது. ஹிப்பி முடியும் மணிமாலையும்தான் வரும். பழைய பாணி எழுத்துரு எதை எடுத்தாலும் அதற்கு இப்படி இரண்டு வயது உண்டு. பாணி பிறந்த வயது ஒன்று, அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்களின் வயது இன்னொன்று. 'விண்டேஜ்' என்ற ஒரே சாக்குக்குள் இரண்டையும் போட்டுக் கட்டிவிட்டால் காண்ட்ராக்டருக்குச் சுலபம்.

ப்ராட்வே அப்படி இல்லை. காலம் சரியாகத்தான் இருக்கிறது. 1928-இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற வார்ப்பகத்துக்காக மோரிஸ் ஃபுல்லர் பென்டன் வரைந்தது. ஃபிராங்க்ளின் காத்திக் என்ற அலங்காரமில்லாத எழுத்தைச் செய்தவரும் அவர்தான். அடக்கமான எழுத்தும் ஆடம்பர எழுத்தும் ஒரே கையில் வந்தன. முதலில் பெரிய எழுத்துகள் மட்டும்தான். அடுத்த வருடம் லான்ஸ்டன் மோனோடைப்புக்காக சால் ஹெஸ் சின்ன எழுத்துகளைச் சேர்த்தார். நல்ல எழுத்து. எனக்கு அதன்மேல் கோபமே கிடையாது.

ஆனால் அது காகிதத்துக்குப் பிறந்தது அம்மா. ஒரு பக்கம் தூண்போல் தடித்த கறுப்பு, மறுபக்கம் நூல்போல் ஒரு கோடு. அந்த நூலும் கறுப்பு மையில் இருப்பதால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. சுவரில் புடைத்து நிற்கும் எழுத்துக்கு மை கிடையாது. சுவரும் எழுத்தும் ஒரே நிறம். வெயில் விழுந்து, எழுத்தின் விளிம்பு தரும் நிழலை வைத்துத்தான் கண் அதைப் படிக்கிறது. நூல் கோட்டின் நிழல் போதாது, தடித்த பாகத்தின் நிழலோ உள் இடைவெளியை அடைத்துவிடும். கீழே தெருவிலிருந்து பார்த்தால் ஏதோ கட்டைகள் வரிசையாக ஒட்டியிருப்பதுபோல் தெரியும். சாந்தில் அந்த நூல் கோட்டைச் செய்தால் இரண்டு மழைக்குத் தாங்காது, அது வேறு கதை. அதனால்தான் அந்தக் காலக் கட்டடங்களில் புடைப்பெழுத்து பெரும்பாலும் ஒரே தடிமனில் ஓடுகிறது. அளவுகோலும் காம்பஸும் இருந்தால் செய்துவிடலாம். போய்ரெட் ஒன் ஒரே தடிமன்தான், ஆனால் எல்லாமே நூல். நகைக்கடை அழைப்பிதழுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிரபு கோபித்துக்கொள்ள வேண்டாம். "ஆர்ட் டெகோ என்றாலே நினைவு வருவது" என்று எழுதினீர்கள். எனக்கு இடிப்பது அங்கேதான். 1925-இல் பாரிஸில் அலங்காரக் கலைகளுக்கான பெரிய கண்காட்சி நடந்தது. பெயர் அதிலிருந்து வந்தது, ஆனால் அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது 1960-களில். இந்த அம்மாவின் மாமனார் 'மாடர்ன்' என்று சொன்னதுதான் அன்றைய பேச்சு. கட்டியவர்கள் பழமையைத் தேடவில்லை, கப்பலையும் மின்சாரத்தையும் வேகத்தையும் பார்த்துக் கட்டினார்கள். கறுப்பும் பொன்னும் கலந்த தோற்றம் பின்னால் வந்தவர்களின் ஏக்கம். மாட்டுங்காவின் வீடுகளுக்கு அது பொருந்தாது. அவை நடுத்தர வருமானக்காரர்களுக்காக, கணக்குப் பார்த்துக் கட்டியவை.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த எழுத்துகள் பல எழுத்துருவாகவே இருந்ததில்லை. பிரெஞ்சு சுவரொட்டிக் கலைஞர் கசாந்தர் 1935-இல் நார்மண்டி கப்பலுக்கு வரைந்த சுவரொட்டியைப் பாருங்கள்; கப்பலின் முகப்பு எவ்வளவு அளந்து வரையப்பட்டதோ, கீழே உள்ள எழுத்தும் அவ்வளவு அளந்து அந்த ஒரு படத்துக்காகவே வரையப்பட்டது. அதே மனிதர் 1929-இல் பிஃபூர் என்று ஓர் எழுத்துரு வார்க்கக் கொடுத்தார். எழுத்தில் அவசியமான பாகத்தை மட்டும் கறுப்பாக வைத்துவிட்டு மீதியை மெல்லிய கோடுகளாலேயே காட்டினார். அற்புதமான துணிச்சல், ஒரு சொல்லுக்கு மேல் அதில் படிக்க முடியாது. அலங்கார எழுத்துருவின் அளவு அதுதான், ஒரு சொல், மிஞ்சினால் ஒரு வரி.

ஆகவே உங்களுக்கு எழுத்துருவே வேண்டாம். மற்ற எழுத்துகள் எல்லாம் சுவரில் உயிரோடு இருக்கின்றன. அவற்றைப் பார்த்து ஓர் எஸ் வரைந்தால் போதும். செதுக்கி எடுப்பதை முதலில் நிறுத்துங்கள்.

எனக்கு வேண்டியது இவை: எழுத்தின் உயரம், கோட்டின் தடிமன், சுவரிலிருந்து எவ்வளவு துருத்துகிறது, குறுக்குக் கோடு அடியிலிருந்து எந்த உயரத்தில் இருக்கிறது. இதை நாங்கள் இடுப்பு என்போம். ஏ-யை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது, சாதாரண ஏ-யிலும் கோடு கீழேதான் இருக்கும். பெயரின் முன்பாதியில் எச், ஆர், ஈ, பி ஏதாவது இருந்தால் அவற்றை அளந்து சொல்லுங்கள். அங்குலத்திலேயே அளக்கவும், அவர்கள் அங்குலத்தில்தான் செய்திருப்பார்கள்.

மாட்டுங்கா கல்யாணி:

ஐயா, படித்தவுடன் ஓடினேன். பட்டி பூசும் பையன் எஸ்-ஸின் தடத்தில் கீழ்ப்பாதியை ஏற்கெனவே பூசிவிட்டான். மேல்பாதி தப்பித்தது. படம் எடுத்தாயிற்று. காவலாளி உடைந்த துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தார், "யாராவது கேட்பார்கள் என்று தோன்றியது" என்றார். அதிலும் வளைவுகள் பெரும்பாலும் பொடியாகிவிட்டன; ஒரு முனை மட்டும் நேராக வெட்டியதுபோல் முழுதாக இருக்கிறது.

அளவுகள்: உயரம் 12 அங்குலம். தடிமன் எல்லாக் கோடுகளிலும் ஒன்றரை அங்குலம். சுவரிலிருந்து ஓர் அங்குலம் துருத்துகிறது. முன்பாதியில் எச்சும் ஆரும் இருக்கின்றன. எச்சின் குறுக்குக் கோட்டின் நடு, அடியிலிருந்து 4 அங்குலம். ஆரின் வயிறு முடிகிற இடமும் 4. ஏ-யிலும் 4. மூன்றும் ஒன்றாக வந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சொசைட்டியின் பழைய வாடகை ரசீது ஒன்றும் கிடைத்தது, அதில் கட்டடத்தின் பெயர் அச்சில் இருக்கிறது. ஆனால் அது வேறு மாதிரி எழுத்து, கோடுகளின் முனையில் காலும் தலையும் வைத்தது. அதைப் பார்த்து எஸ் வரையலாமா? செயலாளர் அதுதான் 'ஒரிஜினல்' என்கிறார்.

சாந்துச் சட்டி:

எழுத்தைப் பற்றிப் பெரியவர் பேசட்டும். நான் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளன், பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எஸ் எப்படி விழுந்தது என்று பார்த்தீர்களா? உடைந்த துண்டுகளில் துருப்பிடித்த கம்பியோ ஆணியோ இருக்கிறதா? கடற்காற்று உள்ள ஊரில் சாந்துக்குள் இருக்கும் சாதாரண இரும்பு துருப்பிடித்தால் பருத்துவிடும், பருத்து உள்ளிருந்தே சாந்தைப் பிளக்கும். ஏ-யின் விரிசலும் அதே வகை என்றால் மேலே சாந்து பூசி மறைப்பதில் பயன் இல்லை. விரிசலைத் திறந்து, துருவை எடுத்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ பித்தளைக் கம்பியோ வைத்துக் கட்ட வேண்டும். மற்ற எழுத்துகளை ஒரு சிறு மரச் சுத்தியால் தட்டிக் கேளுங்கள். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்டால் அதுவும் கழன்றுகொண்டிருக்கிறது.

புதிய எஸ்-ஸை மேலே சாரத்தில் வைத்துச் செய்யாதீர்கள். கீழே மர அச்சில் வார்த்து, நன்றாக நீர் காட்டி ஆறவிட்டு, பிறகு பொருத்துங்கள். வெறும் சிமெண்டை அடர்த்தியாகப் போட வேண்டாம். பழைய சாந்தைவிட மிகக் கடினமாகிவிட்டால் விளிம்பில் பிரிந்து நிற்கும். அக்ரிலிக் என்றால், மும்பை வெயிலில் சில வருடத்தில் பொன்னிறம் மங்கும், பசை விடும். அப்போது செதுக்கிய சுவரில் பழைய எழுத்தும் இருக்காது, புதியதும் இருக்காது.

அப்புறம், கட்டடம் மாநகராட்சியின் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது ஓவல் மைதானம், மரைன் டிரைவ் பக்கம்தான். மாட்டுங்கா அதில் இல்லை. ஆனால் உள்ளூர்ப் பட்டியல் வேறு. இருந்தால் முகப்பில் கைவைக்க அனுமதி வேண்டியிருக்கும், அந்த ஒரு கேள்வியிலேயே உங்கள் காண்ட்ராக்டர் அடங்கிவிடுவார்.

பழைய போர்டு:

சாந்துச் சட்டி சொன்னதை அப்படியே செய்யுங்கள், அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை.

காவலாளிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த முழு முனை இருக்கிறதே, அதுதான் பெரிய செய்தி. எஸ்-ஸின் நுனி நேராக வெட்டியிருக்கிறது என்றால், குமிழும் கொக்கியும் கிடையாது.

ரசீதை விடுங்கள். அச்சகத்துக்காரர் தன் பெட்டியில் எந்த ஈய எழுத்து இருந்ததோ அதை அடுக்கிப் பெயரை அடித்துக் கொடுத்திருப்பார். கட்டடத்தை அவர் பார்த்திருக்கவே வேண்டாம். பெயர் ஒன்றாக இருப்பதால் எழுத்தும் ஒன்றாகிவிடாது என்று செயலாளரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

இப்போது இடுப்பு. 12 அங்குல எழுத்தில் எச்சின் கோடு வழக்கமாக நடுவில், அதாவது 6-இல் வரும். கண்ணுக்கு நடுவாகத் தெரிய வேண்டும் என்று இன்னும் சற்று மேலே தூக்குவார்கள். இங்கே 4. வேண்டுமென்றே இறக்கியிருக்கிறார்கள். ஆரின் வயிறும் அதே 4-இல் வந்து உட்காருவதால் அது தற்செயல் இல்லை. இடுப்பை இப்படி இறக்குவதோ நெஞ்சுவரை ஏற்றுவதோதான் அந்தக் காலத்து எழுத்தின் முகவெட்டு. கால்சட்டையை இடுப்புக்குக் கீழே இறக்கிப் போட்டவன், நெஞ்சுவரை ஏற்றிப் போட்டவன் மாதிரி. எழுத்துரு அடுக்குகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ஜோசஃபின் சான்ஸிலோ ஃபியூச்சுராவிலோ உள்ள எஸ்-ஸை எடுத்து 12 அங்குலத்துக்குப் பெரிதாக்கி வைத்தால் தனியாகப் பார்க்க அழகாக இருக்கும். வரிசையில் நின்றவுடன் வேற்றூர்க்காரன் என்று தெரிந்துவிடும், ஏனென்றால் அதன் இடுப்பு நடுவில்.

சாதாரண எஸ்-ஸில் கீழ் வளைவு மேல் வளைவைவிடச் சற்றுப் பெரிது, இல்லாவிட்டால் கவிழ்வதுபோல் தெரியும். உங்கள் எஸ்-ஸில் அதைத் தலைகீழாகப் போட வேண்டும். மேலே பெரிய வளைவு, கீழே சின்னது, நடுக்கோட்டின் மையம் 4 அங்குலத்தில். தடிமன் ஒன்றரை என்பதால் கீழ் வளைவுக்குள் ஒன்றே முக்கால் அங்குலம் வெற்றிடம் கிடைக்கும். குறைவுதான், ஆனாலும் நிழல் அடைக்காது. கீழ் வளைவு சின்னது என்று அகலத்தையும் குறைத்துவிடாதீர்கள். மேலும் கீழும் ஒரே அகலம், கீழ் வளைவு மட்டும் தட்டையாகப் படுக்க வேண்டும். மேல்பாதித் தடம் இருக்கிறதே, அந்த அகலத்தை அப்படியே கீழே இறக்குங்கள். தடத்தில் நடுக்கோடு தொடங்குகிற இடம் கொஞ்சமாவது தெரிந்தால் நான் சொன்ன 4 சரியா என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். தடம் வேறு சொன்னால் தடம் சொல்வதுதான் சரி.

ஆரின் மேல் படித்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள், கல்வெட்டுக்காரர்கள் செய்வார்களே, அப்படி. ஆரின் வயிற்று வளைவும் எஸ்-ஸின் மேல் வளைவும் ஒரே காம்பஸில் வந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். பல பூச்சுப் பெயிண்ட் மூலைகளை மழுங்கடித்திருக்கும், ஆகவே ஓர் ஓரத்தில் சுரண்டிப் பார்த்துவிட்டு அளவெடுங்கள்.

கூடத்துப் பலகைக்கு எழுத்துருவே போதும், அது வேறு வேலை. இருபது முப்பது பெயரைக் கிட்ட நின்று படிக்க வேண்டும், ஆட்கள் மாறும்போது மாற்றவும் வேண்டும். பிரபு சொன்ன ஜோசஃபின் சான்ஸ் அங்கே சரி. முழுக்கப் பெரிய எழுத்தில், இடைவெளியைத் தாராளமாக விட்டு அடியுங்கள். சின்ன எழுத்துகள் அதில் மிகக் குள்ளம், மங்கலான கூடத்தில் வயதானவர்களுக்குச் சிரமம். குழு காசு கொடுக்கத் தயார் என்றால் நியூட்ராஃபேஸ் பார்க்கலாம். ரிச்சர்ட் நியூட்ரா என்ற கட்டடக் கலைஞர் தன் கட்டடங்களில் வைத்த எழுத்துகளைப் பார்த்து 2002-இல் செய்தது அது; அதிலும் இடுப்பு கீழே. வாசல் பெயருக்குத் தூரத்து உறவாக நிற்கும்.

மாட்டுங்கா கல்யாணி:

தடத்தை மறுபடி பார்த்தேன் ஐயா. நடுக்கோட்டின் மேல் விளிம்பு லேசாகத் தெரிகிறது, அடியிலிருந்து நாலே முக்கால் வருகிறது. துண்டுகளில் துருப்பிடித்த கம்பியும் இருக்கிறது. பட்டியல் விஷயத்தைக் கணவர் விசாரிக்கிறார். ஒரே ஒரு சந்தேகம்: எழுத்துகள் எல்லாம் ஒரு சிமெண்ட் விளிம்பின்மேல் நிற்கின்றன. எஸ்-ஸும் சரியாக 12 அங்குலம்தானே?

பழைய போர்டு:

நாலே முக்காலில் பாதித் தடிமனைக் கழித்தால் நாலு. கணக்கு நேராகிவிட்டது.

12 அல்ல. வளைந்த எழுத்தை மற்றவற்றின் உயரத்துக்கே சரியாக வெட்டினால் குள்ளமாகத் தெரியும். சாதாரணமாக மேலும் கீழும் கால் அங்குலத்துக்குள் கொஞ்சம் மீறவிடுவோம். உங்களுக்குக் கீழே விளிம்பு இருப்பதால் அந்தப் பக்கம் மீற முடியாது. மேலே மட்டும் அரைக்கால் அங்குலம் ஏற்றுங்கள். வார்ப்பதற்கு முன் அட்டையில் வெட்டிச் சுவரில் ஒட்டி, எதிர்ச் சாரியிலிருந்து காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கூட்டத்துக்கு அந்த அட்டையையே எடுத்துப் போங்கள். ப்ராட்வே எஸ் ஒன்றையும் அதே அளவில் வெட்டிப் பக்கத்தில் வையுங்கள், நீங்கள் பேசவே வேண்டியிருக்காது.